எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கு?

‘‘சார், முன்னாடி பிரேக் பேட் தேஞ்சுபோச்சு. டிஸ்க்கும் சேர்த்து மாத்திடலாமா? இப்பவே சொன்னா சாயங்காலத்துக்குள்ள வண்டி ரெடி!’’

எஸ்யூவியை சர்வீஸுக்கு விட்ட அன்று இப்படி ஒரு போன் வந்தால், நம்மில் பலர் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். பிரேக் விஷயமாயிற்றே என்று பயந்து, ‘சரி, மாத்துங்க’ என்கிறோம். இல்லையென்றால், பில்லை ஏற்றப் பார்க்கிறார்களோ என்று சந்தேகப்பட்டு, ‘பேடை மட்டும் மாத்துங்க, டிஸ்க்கை அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்’ என்கிறோம். முதல் பதிலில் ஆயிரக்கணக்கில் பணம் வீணாகலாம். இரண்டாவது பதிலில் உயிருக்கே ஆபத்து வரலாம். சரி, வேண்டாம் என்று சொல்வதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ‘‘எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கு?’’

முன் சக்கரத்துக்கு ஏன் அதிக வேலை?

பிரேக்கை மிதித்ததும் வண்டியின் மூக்கு கீழே அமுங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த நொடியில் எடை முன்பக்கம் சாய்கிறது. அதனால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குகளுடையதுதான். பொலேரோ போன்ற வண்டிகள் பின்னால் டிரம் பிரேக்கை வைத்துச் சமாளிப்பதும் இதனால்தான்.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு. இருபுறமும் இருக்கும் பேடுகளை காலிப்பர் அதன்மீது அழுத்தும்போது, வண்டியின் வேகம் சூடாக மாறுகிறது. எவ்வளவு சூடு? ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள ஓர் எஸ்யூவி, 80 கி.மீ வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால், சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவுக்குச் சூடு பிறக்கிறது. அதே வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், 60 லிட்டர் தண்ணீர் கொதிக்கும். அதாவது, நாம் வீட்டில் வாங்கும் 20 லிட்டர் கேன் மூன்று!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளிலோ இறங்கும்போது சில வண்டிகளிலிருந்து கருகிய வாடை வருவது இதனால்தான். கனமான டிஸ்க் இந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு காற்றில் விட்டுவிடும். தேய்ந்து மெலிந்த டிஸ்க் சீக்கிரமே கொதிப்பேறிவிடும். விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு.

பேடுக்கு ஓர் எண், டிஸ்க்குக்கு ஓர் எண்

புது பேடில் உராயும் பகுதி பொதுவாக 10 முதல் 12 மி.மீ கனம் இருக்கும். அது 3 மி.மீ-க்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசி ‘கீச்’ என்று கத்தும். அது எச்சரிக்கை மணி. அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால், அடுத்து வருவது ‘கரகர’ சத்தம். இரும்போடு இரும்பு உரசுகிறது என்று அர்த்தம். பேடோடு போயிருக்க வேண்டிய செலவு, டிஸ்க்குக்கும் தாவிவிடும்.

டிஸ்க்குக்கும் அளவு உண்டு. எந்தக் கனத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதைப் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். துருவில் மறைந்திருந்தால், வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். உதாரணத்துக்கு, அந்த எண் 26 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். அளந்தால் 27.4 வருகிறது, பரப்பும் வழவழப்பாக இருக்கிறது என்றால், பேடை மட்டும் மாற்றினால் போதும். 26.2 வந்தால், புது பேட் தேய்ந்து முடியும் முன்பே டிஸ்க் எல்லையைத் தாண்டிவிடும். சேர்த்தே மாற்றுங்கள். 26-க்குக் கீழே வந்தால் பேரமே வேண்டாம்.

மைக்ரோமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கின் வெளி ஓரத்தில் தேயாத விளிம்பு ஒன்று வரப்பு மாதிரி நிற்கும். அதில் வைத்து அளந்தால் டிஸ்க் ‘நல்லா இருக்கு’ என்றுதான் காட்டும். பேட் உரசும் இடத்தில், நான்கைந்து புள்ளிகளில் அளக்க வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் உதறினாலோ, பெடல் காலடியில் துடித்தாலோ, டிஸ்க்கின் கனம் ஒரே சீராக இல்லாமல் இருக்கலாம். ஆழமான கோடுகளும் விரிசலும் கெட்ட அறிகுறிகள். மழைக்கு மறுநாள் காலையில் தெரியும் லேசான துரு மட்டும் பயப்பட வேண்டியதல்ல. நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

எதை மாற்றினாலும் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒருபக்கம் மட்டும் புதிது என்றால், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கமாக இழுக்கும்.

பக்கத்தில் நின்று பாருங்கள்

* கழற்றிய காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. கம்பியால் கட்டி நிறுத்த வேண்டும்.

* டிஸ்க் உட்காரும் ஹப்பில் துரு இருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். இல்லையென்றால் புது டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, கொஞ்ச நாளில் பழைய உதறல் திரும்பிவிடும்.

* புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருந்தால், பிரேக் கிளீனரால் துடைத்த பிறகே மாட்ட வேண்டும்.

* பழைய பேடுகளை வாங்கிப் பாருங்கள். ஒரே சக்கரத்தின் உள் பேடும் வெளி பேடும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருந்தால், காலிப்பரின் ஸ்லைடு பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புது பேட் போட்டால், அதுவும் அப்படியே தேயும்.

* பிரேக் ஆயிலை எப்போது மாற்றினோம் என்று கேளுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் அது 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்துக் குமிழ் வந்தால், பெடல் வெறுமனே கீழே போகும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

வண்டியை எடுக்கும் முன்பு...

புது பேடுகளுக்கு இடம்விட பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். அதனால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. வண்டியை நகர்த்தும் முன்பே, பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் சுவரில்தான் போய் நிற்கும்.

பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் 60 கி.மீ வேகத்திலிருந்து 20-க்கு நிதானமாகக் குறையுங்கள். முழுதாக நிறுத்தாமல், இடைவெளி விட்டு இப்படிப் பத்து முறை. அப்புறம் பிரேக் பிடிக்காமல் சில நிமிடங்கள் ஓட்டி ஆறவிடுங்கள். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடு ஒன்று பழகினால்தான் முழுப் பிடிமானம் கிடைக்கும். முதல் 300 கிலோமீட்டருக்கு, அவசியமில்லாமல் அழுத்திப் பிடிக்காதீர்கள். பெட்டி படுக்கையோடு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்புவதாக இருந்தால், முதல் நாள் போய் பிரேக் மாற்றாதீர்கள். ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால், மேனுவல் மோடில் கியரைக் குறையுங்கள். சூட்டில் ஒரு பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. வேலை முடிந்ததும், கிலோமீட்டரையும் நான்கு பேடுகளின் கனத்தையும் இரண்டு டிஸ்க்குகளின் கனத்தையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 10,000 கிலோமீட்டர் கழித்து மறுபடி அளந்தால், எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.