வெள்ளத்தின் நிறத்தை யார் அளப்பது?

நீவா ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. சித்தூரைக் கடந்து, தமிழ்நாட்டில் பொன்னை எனப் பெயர் பெற்றுப் பாலாற்றில் கலக்கிறது. புத்தலப்பட்டு, சித்தூர் வட்டாரங்களின் மாந்தோப்புகளிலும் கரும்பு வயல்களிலும் மாதக்கணக்கில் சேர்ந்த சருகும் எருவும், மாம்பழக்கூழ் ஆலைகளும் ஊர்களும் விடும் கழிவும் மழைக்காலத்தின் முதல் வெள்ளத்தில்தான் ஒருசேர இறங்குகின்றன. நீர் தேநீர் நிறம் கொள்வது அப்போதுதான். மாதத்துக்கொரு முறை எடுக்கும் மாதிரியில் அந்த நாள் சிக்குவது தற்செயலே.

சிக்கினாலும் என்ன அளக்கிறோம்? பெரும்பாலும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை: 27 பாகை செல்சியசில் மூன்று நாள். நுண்ணுயிர் எளிதில் தின்னும் பங்கை மட்டுமே அது காட்டும்; சருகிலிருந்து ஊறிவரும் மட்குப் பொருள்கள் அதில் பெரிதும் தப்பிவிடுகின்றன. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆறு நலம் என்கிறோம். ஆனால், குளோரினோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன்களாவதில் முதன்மையானவை இந்த மட்குப் பொருள்களே. ராட்டர்டாம் குடிநீரில் ரூக் இதைக் கண்டு எழுதிய ஆண்டு 1974.

பிரிட்டனில் 1988-இல் அமில மழையின் விளைவை அறிய ஒரு கண்காணிப்பு வலையமைப்பு தொடங்கியது. அதன் பதிவுகளில், யாரும் தேடாத ஒன்றாக, கரைந்த கரிமக் கார்பன் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்தது. வெப்ப உயர்வே காரணம் என்று 2001-இல் 'நேச்சர்' இதழில் ஒரு விளக்கம் வந்தது. 2007-இல் அதே இதழில் மான்டீத் குழுவினர், ஐரோப்பா, வட அமெரிக்காவின் 522 ஏரிகள், ஓடைகளின் பதிவுகளைக் கொண்டு, கந்தகப் படிவு குறைந்ததே பெருங்காரணம் என்றனர். அந்த வழக்கைத் தீர்த்தது கருவியின் நுட்பமன்று, நீண்ட தொடர்.

நம் ஆய்வுமுறைக்கு அந்தப் பொறுமை இல்லை. முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டு, நிதித் திட்டத்துக்கு மூன்றாண்டு. மாணவர் வெளியேறியதும் மாதிரியெடுப்பு நின்றுவிடுகிறது. (ஆய்வேடு நூலகத்தில் பத்திரமாக இருக்கும்.) ஆற்றின் தொடர்பதிவு துறைக்கு உரியதாக இருக்க வேண்டும், மாணவருக்கு அன்று. திருப்பதியிலும் வேலூரிலும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. ஒரே ஆற்றின் மேற்கரையையும் கீழ்க்கரையையும் அவை பங்கிட்டுக்கொள்ளலாம்.

பெருஞ்செலவும் இல்லை. 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடித்த நீரின் புற ஊதா உறிஞ்சலை 254 நானோமீட்டரில் அளக்க, பல வேதியியல் துறைகளில் ஏற்கெனவே உள்ள நிறமாலைமானியே போதும். கடினம் ஒன்றுதான்: முதல் வெள்ளம் பாலத்தடியைத் தொடும் நேரத்தில், அது நள்ளிரவாயினும், ஒருவர் கண்ணாடிப் புட்டியோடு அங்கே நிற்க வேண்டும், அடுத்த ஆண்டும் நிற்க வேண்டும்.