வெளிநாட்டில் நோயில் படுத்தால் ஆஸ்பத்திரி பில் யார் தலையில்?

275 ரூபாய் பாலிசி எதற்கு உதவும்? எதற்கு உதவாது?

சென்னை,

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு இரவு 10 மணிக்கு மேல் போனால் பார்க்கலாம். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, புதுச் செருப்பு, முந்தானையில் கண்ணைத் துடைக்கும் அம்மா. துபாய், தோகா, ரியாத் என்று பிழைப்புக்குக் கிளம்பும் கூட்டம் அது. பாஸ்போர்ட்டு இருக்கிறதா, டிக்கெட் இருக்கிறதா என்று சட்டைப் பையைப் பத்துத் தடவை தடவிப் பார்ப்பார்கள். "இன்சூரன்ஸ் காகிதம் எங்கேப்பா?" என்று கேட்டால் மட்டும் பலர் முழிப்பார்கள். "ஏஜெண்டுகிட்ட இருக்கும்" என்பார்கள்.

அந்தக் காகிதத்தின் அருமை உடம்பு முடியாமல் படுத்த பிறகுதான் தெரியும்.

வெளிநாட்டில் வேலை பார்க்கிறவருக்கு மூன்று பக்கம் இருந்து பாதுகாப்பு வர வேண்டும். ஒன்று, இந்திய அரசு. இரண்டு, போகிற நாட்டின் சட்டம். மூன்று, சொந்த மாநிலம். மூன்றிலும் சலுகை இருக்கிறது. மூன்றிலும் ஓட்டையும் இருக்கிறது.

275 ரூபாய் பாலிசி

முதலில் இந்திய அரசின் திட்டம். பெயர், பிரவாசி பாரதிய பீமா யோஜனா. 2003-ல் தொடங்கியது. 2017-ல் திருத்தி அமைக்கப்பட்டது. 2 வருடத்துக்கு பிரிமியம் ரூ.275. 3 வருடத்துக்கு ரூ.375. வரி தனி. ஒரு பிரியாணி சாப்பிடுகிற காசுதான்.

விபத்தில் இறந்தாலோ, நிரந்தரமாக ஊனம் ஆனாலோ ரூ.10 லட்சம். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மொத்தம் ரூ.1 லட்சம் வரை. அதிலும் ஒரு தடவைக்கு 50 ஆயிரம்தான். பெண் தொழிலாளருக்குப் பிரசவச் செலவு ரூ.50 ஆயிரம் வரை. வேலை சம்பந்தமான வழக்குச் செலவுக்கு ரூ.45 ஆயிரம் வரை. உடம்பு வேலைக்கு லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பினால் ஊர் வந்து சேர விமான டிக்கெட்.

முதலாளி மாறினாலும் பாலிசி செல்லும். விபத்து என்று அங்குள்ள இந்தியத் தூதரகம் சான்று கொடுத்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை ஏற்க வேண்டும். இது பெரிய வசதி.

யாருக்குக் கட்டாயம்?

இங்குதான் முதல் ஓட்டை. 10-வது பாஸ் செய்யாதவர்களின் பாஸ்போர்ட்டுக்கு இ.சி.ஆர். என்று பெயர். அதை வைத்து வளைகுடா, மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அனுமதி வாங்கும்போது இந்தப் பாலிசி கட்டாயம்.

10-வது பாஸ் செய்திருந்தால் அந்த அனுமதி தேவையில்லை. எனவே பாலிசியும் கட்டாயமில்லை. இரண்டு பேரும் ஒரே சாரத்தில் ஏறி, ஒரே செங்கல்லைத்தான் தூக்குகிறார்கள். தவறி விழுந்தால் பள்ளிக்கூடம் போகாதவர் வீட்டுக்கு 10 லட்சம். பரீட்சை பாஸ் செய்தவர் வீட்டுக்கு இந்தக் கணக்கில் ஒன்றுமில்லை!

டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே வேலை தேடிக்கொள்கிறவர்கள் கதையும் இதேதான். "முதல்ல போயிடு தம்பி, விசா அப்புறம் மாத்திக்கலாம்" என்று ஏஜெண்டு சொல்வார். அனுமதியும் கிடையாது, பாலிசியும் கிடையாது.

மாரடைப்பு விபத்து ஆகாது

இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது. 10 லட்சம் என்பது விபத்துக்கு மட்டும். இரவு படுத்தவர் மாரடைப்பில் காலையில் எழுந்திருக்கவில்லை என்றால் அது விபத்துக் கணக்கில் வராது. பாலிசி இருக்கிறதே என்று நம்பியிருந்த குடும்பம், அப்போதுதான் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்கிறது.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு உள்ள 50 ஆயிரமும் துபாய்க் காசில் ஏறக்குறைய 2 ஆயிரம் திர்ஹம்தான். ஐ.சி.யு.வில் படுத்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஆகவே வெளிநாட்டு வைத்தியத்துக்கு இந்தப் பாலிசியை மட்டும் நம்ப முடியாது. அந்த நாட்டுச் சட்டம் கைகொடுக்க வேண்டும்.

அங்கே என்ன சட்டம்?

அபுதாபியில் 2005-லும், துபாயில் 2013-லும் இதற்குச் சட்டம் வந்தது. தொழிலாளிக்கு மருத்துவ இன்சூரன்ஸ் எடுப்பது முதலாளியின் கடமை. சார்ஜா, அஜ்மான், ராசல் கைமா போன்ற இடங்களுக்கு 1-1-2025 முதல்தான் இது கட்டாயம் ஆனது. அங்கே அடிப்படைப் பாலிசி வருடத்துக்கு 320 திர்ஹம். வீட்டு வேலை செய்பவர்களும் இதில் அடக்கம். இன்சூரன்ஸ் இல்லாமல் விசா அடிக்க மாட்டார்கள். ஆனால் முழு இலவசம் அல்ல. உள்நோயாளியாகச் சேர்ந்தால் செலவில் 20 சதவீதம் தொழிலாளி கட்ட வேண்டும். அதற்கும் ஒரு தடவைக்கு 500 திர்ஹம் என்று உச்சவரம்பு உண்டு.

சவுதியிலும் தனியார் கம்பெனிகள் ஊழியர்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு வருடத்துக்குக் குறைந்தது 15 ஆயிரம் வெள்ளிக்கு இன்சூரன்ஸ் என்று இருந்தது. ஜூலை 2023 முதல் அது 60 ஆயிரம் வெள்ளி. பிரிமியத்தை ஒர்க் பெர்மிட் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்பதும் விதி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவை எல்லாமே வேலையோடும் விசாவோடும் கட்டப்பட்டவை. வேலை போனால், விசா முடிந்தால், முதலாளி தொல்லை தாங்காமல் வெளியேறினால் கார்டும் வெறும் பிளாஸ்டிக்தான். மிகவும் கஷ்டப்படுகிற நேரத்தில்தான் பாதுகாப்பு கைவிடுகிறது.

ஊரில் இருக்கிற குடும்பம்?

மூன்றாவது, நமது மாநிலம். முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் ரூ.5 லட்சம் வரை வைத்தியம் கிடைக்கும். ஆனால் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் மட்டும். அந்தக் கார்டைத் துபாய் ஆஸ்பத்திரியில் நீட்ட முடியாது.

இதிலும் ஒரு சிக்கல். குடும்ப வருமானம் வருடத்துக்கு ரூ.1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 10 ஆயிரம். மகன் மாதம் 15 ஆயிரம் அனுப்பினாலே வருடத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ஆகிவிடும். அந்தப் பணத்தில் பாதி, விசாவுக்கு வாங்கிய கடனுக்கு வட்டியாகப் போகும். ஆனால் வருமானச் சான்றிதழில் வட்டியைக் கழிப்பதில்லை. வசதி வருவதற்கு முன்பே சலுகை போய்விடுகிறது.

அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினர் ஆனால், சந்தா கட்டி விபத்து இன்சூரன்சும், கடும் நோய்களுக்கான இன்சூரன்சும் பெற வழி செய்யப்பட்டிருக்கிறது. 10-வது பாஸ் செய்து விட்டுப்போனவர்களுக்கு இது ஒரு கைப்பிடி. பக்கத்துக் கேரளாவில் இன்னும் ஒரு படி மேலே போய், வெளிநாட்டில் இருப்பவருக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து ரூ.5 லட்சம் மருத்துவ இன்சூரன்சை 2025-ல் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கும் அப்படி ஒன்று தேவை.

திரும்பி வந்த பிறகு...

பலரும் மறப்பது இது. 20 வருடம் வெயிலில் உழைத்து 50 வயதில் சர்க்கரை, பிரஷரோடு ஊர் திரும்புகிறார்கள். கம்பெனி கார்டு அன்றோடு சரி. அப்போது போய்ப் புதுப் பாலிசி கேட்டால், ஏற்கனவே உள்ள நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்ல விதி இடம் கொடுக்கிறது. வாலிபத்தில், உடம்பு நன்றாக இருக்கும்போதே ஊரில் ஒரு பாலிசி எடுத்துத் தொடர்ந்து கட்டி வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் டிராவல்ஸ் கடைப் படி ஏறுகிறவர்கள் பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேட்க வேண்டும். வேலை விசாவா, டூரிஸ்ட் விசாவா? இந்திய அரசின் பாலிசி நம்பர் என்ன? அங்கே மருத்துவ இன்சூரன்ஸ் யார் செலவில், எந்தத் தேதியில் இருந்து? வாரிசாக யார் பெயர் போட்டிருக்கிறது?

பாலிசியின் நகல் ஒன்று வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். பல வீடுகளில் பணம் கிடைக்க வழி இருந்தும், பாலிசி நம்பர் தெரியாமல் ஆபீஸ் ஆபீசாக அலைய நேரிடுகிறது. மகன் இரவு விமானம் ஏறும்போது அம்மா கேட்க வேண்டியது, "சாப்பிட்டியாப்பா?" என்பது மட்டும் அல்ல. "அந்தக் காகிதத்தில் ஒண்ணு எங்கிட்ட கொடுத்திட்டுப் போ" என்பதும்தான்.