வேகத்தை மட்டும் பார்த்து அனுப்பலாமா?



நம்மட வாகரைப் பக்கம் 100 மீற்றரில் ஒரு பிள்ளை முந்தி வந்தால் போதும், உடனே உதைபந்தாட்டக் கழகத்தில் சேர்க்கச் சொல்கிறோம். ஆசிரியர்களாகிய நாங்களும்தான்.

அமெரிக்க உதைபந்தாட்டத்தில், எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிற ஆட்டக்காரர் ஜோன் ரோஸ். வொஷிங்டன் பல்கலைக்கழக மாணவர். 2017 தெரிவுச் சோதனையில் 40 யாரை 4.22 செக்கனில் ஓடினார். அன்றைக்கு அது சாதனை. சின்சினாட்டி அணி ஒன்பதாவது ஆளாகவே எடுத்துக்கொண்டது. முதல் பருவம் முழுக்க அவர் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. காயம் வேறு. இத்தனைக்கும் படிக்கும்போதே முழங்கால் பழுதானவர்!

கழகத்தார் வந்தால் மூன்று மாதம் பந்தோடு விட்டுப் பார்க்கச் சொல்வோம். முழங்காலை டொக்டரிடம் காட்டுவோம். உயர்தரப் பரீட்சையையும் பிள்ளை எழுதட்டும்.