எதிர்ப்பக்கம் நின்று பேசுவோம்

கடலூர் மாவட்டத்தில், அண்ணாகிராமத்தை அடுத்த பண்ருட்டிப் பகுதியில் மணந்தவிர்ந்தபுத்தூர் என்றோர் ஊர் உள்ளது. சுந்தரரின் திருமணம் புத்தூரில் தடைப்பட்டதாகப் பெரியபுராணம் கூறுகிறது. ஊரின் பெயரே அந்நிகழ்வை இன்றும் நினைவூட்டுகிறது. மணப்பந்தலில் எழுந்த அப்பூசல், தென்பெண்ணைக் கரையிலுள்ள திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்காக நடந்தது. இறைவன் அடியவரைத் தடுத்தாட்கொண்ட வரலாறாகவே நாம் இதனைப் படித்து வருகிறோம். வழக்குரைக்கும் கலையை அறிய விரும்பும் மாணவர்கள் இதனை ஒரு வழக்காகவும் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

வெண்ணெய்நல்லூர் வழக்கு

முதிய அந்தணர் ஒருவர் மணப்பந்தலுக்கு வந்து, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்கிறார். அதற்குச் சான்றாக ஓலை ஒன்றைக் காட்டுகிறார். அந்தணர் மற்றோர் அந்தணருக்கு அடிமையாகும் வழக்கமே இல்லை என்று மறுத்த சுந்தரர், அவ்வோலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. அவையோர் முதியவரை உடனே நம்பிவிடவில்லை. நடைமுறை வழக்கம், ஆவணம், பிறர் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு கேட்கின்றனர். கிழிக்கப்பட்டது படியோலையே என்றும் மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் முதியவர் சொல்கிறார். அவ்வோலைக்குத் தீங்கு நேராது என அவை உறுதியளித்த பின்னரே அதனை வெளியே எடுக்கிறார். ஓலை படிக்கப்படுகிறது. சாட்சிகளின் எழுத்தும், சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தும் சரிபார்க்கப்படுகின்றன. அதன் பின்னரே தீர்ப்பு வழங்கப்படுகிறது.

படிக்கும் மூலத்துக்கும் உள்ள வேறுபாடு, கையெழுத்து ஒப்பீடு, மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினா ஆகிய அனைத்தும் இன்றைய நீதிமன்றங்களில் நாள்தோறும் எழுகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சேக்கிழார், அவற்றை முறை பிறழாமல் காட்டியுள்ளார்.

மாதிரி நீதிமன்றம்

சட்டக் கல்லூரிகளில் மாதிரி நீதிமன்றப் போட்டிகள் நடைபெறுகின்றன. கற்பனையான வழக்கு ஒன்று முன்கூட்டியே மாணவர்களுக்குத் தரப்படும். அவர்கள் சட்டங்களையும் முந்தைய தீர்ப்புகளையும் தேடிப் படித்து, எழுத்துமூல வாதுரையை அளிப்பர். பின்னர், நீதிபதிகளாக அமர்ந்திருப்போர் முன் குறித்த நேரத்துக்குள் வாதிடுவர். பேச்சுப் போட்டியைப் போல இங்குத் தடையின்றிப் பேச இயலாது. நீதிபதி இடைமறித்து வினா எழுப்புவார். மனப்பாடம் செய்து வந்தவர் அவ்விடத்தில் தடுமாறுவார். வழக்கைப் புரிந்துகொண்டவர் விடை கூறிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

பன்னாட்டுச் சட்டத்துக்கான ஜெசப் மாதிரி நீதிமன்றப் போட்டி 1960இல் அமெரிக்காவில் தொடங்கியது. இன்று உலகெங்குமுள்ள சட்ட மாணவர்கள் அதில் பங்கேற்கின்றனர். இந்தியப் பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக்கல்வி விதிகள், மாதிரி நீதிமன்றப் பயிற்சியைச் சட்டப் படிப்பின் கட்டாயப் பகுதியாக்கியுள்ளன.

இருபுறமும் நிற்றல்

இப்போட்டிகளின் சிறப்பு பரிசிலோ கோப்பையிலோ இல்லை. ஒரே அணியினர் ஒரு சுற்றில் வாதியின் சார்பாகவும், மற்றொரு சுற்றில் எதிர்வாதியின் சார்பாகவும் பேச வேண்டியிருக்கும். நேற்று மறுத்த கருத்தை இன்று நிலைநாட்ட வேண்டும்.

இது பொய்யை மெய்யாக்கும் பயிற்சி அல்லவா எனச் சிலர் வினவலாம். அவ்வாறு கருதுவது பிழை. வழக்கின் செய்திகளை மாற்றவோ இல்லாத சான்றைப் படைக்கவோ அங்கு யாருக்கும் உரிமையில்லை. உள்ள செய்திகளைக் கொண்டு, ஒரு தரப்புக்காக நேர்மையாகச் சொல்லக்கூடிய அனைத்தையும் சொல்வதே அங்குக் கற்பிக்கப்படுகிறது.

ஒரு தரப்புக்காகப் பேச எவரும் இல்லாதபோது என்ன நேரும் என்பதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பொற்கொல்லன் கூறியதை மட்டும் கேட்டுப் பாண்டியன் ஆணையிட்டான். கோவலன் பக்கத்தைக் கேட்கவே இல்லை. கண்ணகி அவையேறித் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கூறி, அதனை உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பிலிருந்த பரலோ முத்து. வழக்கில் கண்ணகி வென்றாள். ஆயினும் கோவலன் உயிர் முன்பே போய்விட்டது. கொலைக்களத்துக்கு முன்னர் எழுந்திருக்க வேண்டிய வாதம், கொலைக்குப் பின்னர் எழுந்தது. எதிர்ப்பக்கத்தைப் பேசவும் கேட்கவும் பழகுவது ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

எந்த மொழியில்?

மாதிரி நீதிமன்றப் போட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. இந்திய அரசமைப்பின் 348ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் ஆங்கிலமே வழக்காடு மொழியாக இருப்பதால், அப்பயிற்சி தேவையே. ஆனால், தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழக்காடு மொழியாக உள்ளது. பண்ருட்டியிலோ கடலூரிலோ நிலத் தகராறுக்காக நீதிமன்றம் ஏறும் உழவர், தம் துன்பத்தைத் தமிழில்தான் சொல்வார். சாட்சியும் தமிழில்தான் பேசுவார். அவரிடம் கேட்டறிந்து, தெளிந்த தமிழில் வாதுரை எழுதி, நடுக்கமின்றி எடுத்துரைக்கும் ஆற்றல் தானாக வந்துவிடாது. அதற்கும் பயிற்சி வேண்டும். எனவே, ஆங்கிலப் போட்டிகளுக்கு இணையாகத் தமிழிலும் மாதிரி நீதிமன்றப் போட்டிகள் நடத்தப்பட வேண்டும். ஆங்கில ஒலிப்பு நயத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்கும் சிற்றூர் மாணவரின் அறிவுக்கூர்மை, அப்போது வெளிப்படும்.

இங்கேயே தொடங்கலாம்

இதற்குச் சட்டக் கல்லூரியில் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெண்ணெய்நல்லூர் வழக்கையே உங்கள் வகுப்பறையில் நடத்திப் பாருங்கள். இருவர் முதியவர் சார்பாகவும் இருவர் சுந்தரர் சார்பாகவும் பேசட்டும்; மூவர் நீதிபதிகளாக அமரட்டும். பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை பேரனைக் கட்டுப்படுத்துமா? ஆவணத்தைக் கிழித்தவர் அதன் உண்மையை மறுக்க முடியுமா? இவை நீதிபதிகள் கேட்க வேண்டிய வினாக்கள்.

அதே வழக்கை இன்றைய சட்டத்தின்படியும் நடத்துங்கள். அரசமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், மனிதரைக் கொத்தடிமையாக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவையாக்கிவிட்டது. ஆகவே, கையெழுத்து உண்மையே என மெய்ப்பிக்கப்பட்டாலும், அத்தகைய ஓலை இன்றைய நீதிமன்றத்தில் நிற்காது. சான்று மாறாதிருக்கையிலும் சட்டம் மாறினால் தீர்ப்பு மாறும் என்னும் பேருண்மையை அப்போது நீங்களே கண்டறிவீர்கள். முடிந்ததும் இரு அணிகளும் பக்கம் மாறி மீண்டும் வாதிட வேண்டும். அதனை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகியன தனித்தனி அதிகாரங்கள். நடுவு நிலைமைக்கும் அங்கே ஓர் அதிகாரம் உண்டு. முன்னைய மூன்றும் கைவந்து, நான்காவது இல்லையெனில் அவர் வாய்வல்லவர் ஆகலாம். நல்ல வழக்குரைஞர் ஆக இயலாது.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். அண்டையிலுள்ள விழுப்புரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி உள்ளது. உங்களுள் சிலர் அவ்வழியே செல்லக்கூடும். பிறர் வேறு துறைகளுக்குச் செல்லலாம். எங்குச் சென்றாலும், ஒருவரைக் குற்றவாளி என்று ஊரே சொல்லும்போது, அவர் பக்கம் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் உங்களிடம் இருக்கட்டும். கோவலனுக்காக அன்று மதுரையில் எவரும் அதனைக் கேட்கவில்லை.