காதலரும் டிராகன்களும்

ஒரு புத்தகத்தை வாசித்து முடித்த பின்னரும் அதை வாசித்தேன் என்று நாலு பேர் மத்தியிலே சொல்லக் கூசுகின்ற பழக்கமொன்று நமது இலக்கிய வட்டாரங்களிலே வேரூன்றி விட்டது. காதல் நவீனமென்றால் பொழுதுபோகாத பெண்களுக்குரியது. மாயாஜால நவீனமென்றால் சிறுபிள்ளைகளுக்குரியது. இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிட்டாலோ பேச்சே வேண்டாம். ஆனால் இன்று நமது மாணவர் கையிலே கொண்டு திரிவன இந்தக் கலப்பு நவீனங்களையே. பாடப்புத்தகத்தின் இருபது பக்கங்களுக்கு அலுத்துக்கொள்கின்ற உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, ஐந்நூறு பக்கங்களுடைய ஆங்கில நாவலொன்றை மூன்று நாட்களிலே முடித்துவிட்டு, அடுத்த பாகம் யாரிடம் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு நிற்கிறாள். இதைக் கண்ணாற் கண்ட பின்னரும் இளந்தலைமுறை வாசிப்பதில்லையென்று மேடைதோறும் புலம்புவது எவ்வகையில் நியாயமாகும்?

கடந்த சில மாதங்களாக இவ்வகை நவீனங்கள் சிலவற்றை நானும் தேடி வாசித்தேன். அவற்றுட் சில என்னைக் கவர்ந்தன, சில எரிச்சலூட்டின, ஒன்றிரண்டு, எரிச்சலூட்டிக்கொண்டே கையை விட்டு நீங்காமலும் இருந்தன. அந்த அபிப்பிராயங்களை ஒளிவுமறைவின்றி இங்கே எழுதலாமென்று நினைக்கிறேன்.

அதற்குமுன் நமது குலமுறையையும் சற்று நினைத்துக்கொள்வது நல்லது. ஈழத்துத் தமிழ் நாவல் பிறந்ததே அற்புதக் கதைகளின் மடியிலேதான். 1885 இலே சித்திலெவ்வை எழுதிய அசன்பேயுடைய கதை கடல்கடந்த நாடுகளிலே நிகழும் சாகசக் கதை. 1891 இலே திருகோணமலை இன்னாசித்தம்பி தந்த ஊசோன் பாலந்தை கதையோ, பிறந்தவுடன் பிரிந்த இரட்டையரில் ஒருவன் அரச மாளிகையிலும் மற்றவன் காட்டிலே கரடியினிடத்தும் வளர்ந்ததாகக் கூறும் பழைய ஐரோப்பியக் கதையைத் தழுவியது. 1895 இலே சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி காதலைச் சரித்திரத்தோடு பின்னிற்று. பின்வந்த எழுத்தாளர்கள், சிறப்பாக 1950, 1960 ஆகிய பத்தாண்டுகளிலே எழுதியவர்கள், இந்த வழியை விட்டு வயலுக்கும் சேரிக்கும் தோட்டத்து லயங்களுக்கும் நாவலைக் கொண்டுசென்றார்கள். அது காலத்தின் கட்டாயம். அந்த வாதத்திலே யதார்த்தம் வென்றதை நான் குறைகூறேன். ஆனால் வெற்றியோடு கூடவே ஒரு தடிப்பும் நமக்கு வந்து சேர்ந்தது. நடக்கக்கூடியதை எழுதுபவனே பொறுப்புள்ளவன், நடக்க முடியாததை எழுதுபவன் வாழ்க்கையைவிட்டு ஓடுகிறவன் என்று தீர்ப்பெழுதி விட்டோம். சிறையிலிருந்து தப்புபவனையும் போர்முனையை விட்டோடும் சிப்பாயையும் ஒன்றாகக் கருதக்கூடாதென்று 1939 இலே டோல்கீன் தமது தேவதைக்கதைச் சொற்பொழிவிலே வாதிட்டார். அந்த வேறுபாட்டை நாம் இன்னமும் செரித்துக்கொள்ளவில்லை.

இனி நாவல்களுக்கு வருவோம். மிகப் பெரிய ஆரவாரத்தோடு வந்ததையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் றெபெக்கா யாரோஸ் எழுதிய 'ஃபோர்த் விங்' 2023 இலே வெளியாயிற்று. அதன் மூன்றாம் பாகமான 'ஒனிக்ஸ் ஸ்ரோம்' 2025 ஜனவரியிலே வெளியானபோது, முதல் வாரத்திலேயே 27 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையானது. கதாநாயகி வயலெற் மெலிந்த உடலும் எளிதிலே விலகும் மூட்டுக்களும் உடையவள். தந்தையைப்போல ஏடுகளைக் காக்கும் எழுத்தராக விரும்பியவளைப் படைத்தளபதியான தாய் டிராகன் ஏறும் வீரர் பிரிவிலே வலிந்து சேர்க்கிறாள். அங்கே நுழைவதே ஒடுங்கிய கற்பாலமொன்றைக் கடந்துதான். கால் தவறியவருக்கு மரணம்.

இந்நாவலிலே மெய்யான சரக்கு இருக்கிறது. வயலெற்றின் உடல் கடைசிவரை மாயத்தாற் குணமாவதில்லை. பலத்தால் வெல்ல முடியாதவள் எதிராளியின் பெயரை முன்கூட்டியே அறிந்து அவனது உணவிலே நஞ்சு கலக்கிறாள். டிராகனின் முதுகிலே நிலைக்க முடியாதபோது அவளுக்கென்று சேணமொன்று செய்யப்படுகிறது. மூட்டுக்களைத் தளர்த்தும் நோயொன்று தமக்கும் உண்டென்று ஆசிரியை பகிரங்கமாகவே கூறியிருக்கிறார். அந்த அறிவு எழுத்திலே தெரிகிறது. அதனினும் மேலானது இன்னொன்று. இந்த நாட்டின் ஆட்சியாளர் எல்லைக்கப்பால் உள்ள ஒரு பயங்கரத்தை மக்களிடமிருந்து மறைத்து, ஏட்டுச்சாலைகளிலிருந்து அதைப்பற்றிய குறிப்புக்களையெல்லாம் அகற்றி விட்டார்கள். உண்மை எஞ்சியிருப்பது எங்கே? தந்தை மகளுக்குக் கொடுத்த ஒரு பழங்கதைப் புத்தகத்திலே! வரலாறு பொய் சொல்ல, பாட்டி கதை உண்மை சொல்கிறது. 1981 இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை மறவாத வாசகர் இந்தக் கற்பனையைச் சும்மா கடந்துபோக முடியாது.

ஆசிரியையோ கடந்துபோய் விடுகிறார்! இவ்வளவு பெரிய கருவைக் கையிலே வைத்துக்கொண்டு, கதாநாயகன் ஸேடனின் தோள்களையும் புயங்களையும் பக்கம்பக்கமாக வருணித்துக்கொண்டிருக்கிறார். ஸேடன் தூக்கிலிடத்தக்கவராகக் கருதப்பட்ட கலகத் தலைவர் ஒருவரின் மகன். தந்தைக்கு மரண தண்டனை கிடைத்ததிலே வயலெற்றின் தாய்க்குப் பங்குண்டு. தகப்பனைக் கொன்ற குடும்பத்துப் பெண்ணை நேசிப்பதென்றால் அந்த நெஞ்சு எவ்வளவு போராடும்! அந்தப் போராட்டம் இரண்டு மூன்று கோபப் பார்வைகளோடு தீர்ந்துபோகிறது. இறந்த மாணவர்களின் பெயர்கள் காலைதோறும் அணிவகுப்பிலே வாசிக்கப்படுகின்றன. வாசித்து முடிந்ததும் எல்லோரும் தத்தம் வேலைக்குப் போய்விடுகிறார்கள். படைப்பள்ளியின் கொடுமையைக் காட்டுவதற்காக அப்படி எழுதினாரென்று சிலர் சமாதானம் சொல்லலாம். ஆனால் கதாநாயகியின் தோழர்களுள் ஒருவன் விழும்போதன்றி நாவலும் எவருக்காகவும் கண்கலங்குவதில்லை. காதலர் இருவரின் உயிர் மட்டுமே உயிர் என்றால், அவர்களுக்குப் பின்னால் எரிகின்ற நாடு வெறும் நாடகத் திரைச்சீலைதான். இந்நாவலின் மீது எனக்குள்ள உண்மையான குற்றச்சாட்டு இதுவே. டிராகன் உண்டா இல்லையா என்பதைப்பற்றி எனக்கு யாதொரு வழக்கும் இல்லை.

ஸேரா மாஸ் 2015 இலே எழுதத் தொடங்கிய 'எ கோர்ட் ஒவ் தோர்ன்ஸ் அன்ட் றோசஸ்' வரிசையும் இதே சந்தையிலே இதே கூட்டத்தைக் கூட்டிய ஒன்று. அழகியும் விலங்கும் என்ற பழங்கதையின் சாயல் முதற்பாகத்திலே தெளிவாகத் தெரிகிறது. வறுமைப்பட்ட வணிகன் ஒருவனின் மகள் ஃபேயிரா, குடும்பத்துக்கு உணவு தேடி வேட்டையாடுபவள். அவளைப் பற்றிய ஒரு செய்திதான் ஆசிரியனாகிய என்னைப் பிடித்து நிறுத்தியது: அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உயிரைப் பணயம் வைக்கும் சோதனையொன்றிலே சுவரில் எழுதியுள்ள வாசகத்தை வாசிக்க முடியாமல் அவள் தவிக்கும் இடம், எழுத்தறியாமையின் அவமானத்தைப் பற்றி நான் வாசித்தவற்றுள் நன்றாக அமைந்த ஓரிடம். தேவர் அரக்கர் நிறைந்த கதையிலே அவளை அச்சுறுத்துவது ஒரு வரி எழுத்து!

1916 அல்ல, 2016 இலே வந்த இரண்டாம் பாகத்திலே இன்னொரு துணிச்சலும் உண்டு. இப்படிச் சொல்லக் காரணம், முதற்பாகத்தின் காதலன் நூறாண்டுக்கு முந்திய நவீனமொன்றிலிருந்து எழுந்துவந்தவன் போலிருப்பதுதான். காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அவளை மாளிகைக்குள்ளே பூட்டிவைக்கிறான். முதற்பாகத்திலே நாம் காதலென்று நம்பி மகிழ்ந்ததையே இரண்டாம் பாகம் சிறையென்று காட்டுகிறது, அவள் வெளியேறுகிறாள். பாதுகாப்பு என்ற பெயரிலே பெண்ணை அடைத்து வைக்கும் வழக்கம் எந்த ஊருக்குத்தான் புதியது? ஆனால் அவள் போய்ச் சேருவது இன்னொரு பேரழகனிடம், இன்னும் பெரிய அதிகாரத்தை உடையவனிடம். அவளுக்கு எழுத்தறிவிப்பவனும் அவனே. பயிற்சிக்காக அவன் எழுதிக் கொடுக்கும் வசனங்களோ அவனுடைய அருமை பெருமையைப் புகழ்பவை. ஆசிரியை இதை வேடிக்கையாகவே எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அகரம் படிக்கும்போதே ஆசானின் துதியையும் படிக்கவேண்டுமென்றால், சிறை சற்றே விசாலமானது என்பதற்கு மேல் என்ன சொல்ல?

எனினும் இப்புத்தகங்களை வாசிக்கும் பெண்களை ஏளனம் செய்வோருடன் நான் சேரமாட்டேன். ஜனிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் காதல் நவீனங்களின் வாசகியரிடையே சென்று விசாரித்து 1984 இலே நூலொன்று வெளியிட்டார். கதை என்ன சொல்கிறது என்பதற்கு ஒப்பாக, வாசிக்கும் செயலே அப்பெண்களுக்கு முக்கியமாயிருந்ததென்று அவர் கண்டார். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் ஓயாது உழைப்பவள் புத்தகத்தை விரிக்கும்போது, இந்த நேரம் என்னுடையது என்று வீட்டாருக்கு அறிவிக்கிறாள். நமது வீடுகளிலும் குசினி வேலை முடிந்து இரவு பத்து மணிக்குப் புத்தகமெடுக்கும் பெண்ணிடம், ஏன் இதை வாசிக்கிறாய் என்று கேட்க எந்த விமர்சகனுக்கு உரிமையுண்டு?

டிராகனோ மாயமோ இல்லாத தனிக் காதல் நவீனமொன்றையும் சொல்லவேண்டும். எமிலி ஹென்றியின் 'பீச் றீட்' 2020 இலே வந்தது. காதற்கதை எழுதுபவள் ஒருத்தி, துன்பியல் நாவல் எழுதுபவன் ஒருவன். இருவரும் ஏரிக்கரையிலே அயலவர். ஒரு கோடைகாலத்துக்கு ஒருவர் மற்றவருடைய பாணியிலே எழுதுவதென்று பந்தயம் கட்டுகிறார்கள். சுபமான முடிவு பொய் என்று இலக்கியவாதி நினைக்கிறான். அவலமான முடிவும் ஒரு பழக்கந்தானே என்று அவள் மடக்குகிறாள். நமது சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் கதைகளிலே கடைசிப் பந்தியிலே எத்தனை பேர் காரணமின்றிச் சாகிறார்கள் என்பதை நடுவராயிருந்தவர்கள் அறிவார்கள்! இலகுவான நாவல்; ஒரு பிற்பகலுக்குப் போதும்.

இவையெல்லாவற்றிலும் என் மனத்தை ஆட்கொண்டது நவோமி நோவிக் 2015 இலே எழுதிய 'அப்றூட்டட்'. நெபியூலா விருது பெற்ற நாவல். போலந்து நாட்டுப் பாட்டிகதைகளின் மண்வாசனை அதிலே வீசுகிறது. பள்ளத்தாக்கொன்றின் ஓரத்திலே பகைகொண்ட காடு. அதிலிருந்து கிராமங்களைக் காக்கும் மந்திரவாதிக்கு டிராகன் என்று பெயர்; பத்தாண்டுக்கு ஒருமுறை அவன் பதினேழு வயதுப் பெண்ணொருத்தியைத் தன் கோபுரத்துக்கு அழைத்துச் செல்வான். அழகும் திறமையும் வாய்ந்த காஷியாவையே கொண்டுபோவானென்று ஊரெல்லாம் எதிர்பார்த்திருக்க, உடுப்பைக் கிழித்துக்கொண்டு சேற்றிலே திரியும் அக்னியெஷ்காவைத் தெரிவுசெய்கிறான்.

அவனது மந்திரம் இலக்கண சுத்தமானது. ஒவ்வோர் அசையும் அளந்து உச்சரிக்கப்படவேண்டும். அவளுக்கு அது நாவிலே ஏறவில்லை. பழைய சூனியக்காரியொருத்தியின் கிறுக்கல் குறிப்புக்களைக் கண்டதும், காட்டிலே பழம் பொறுக்குபவள் பாட்டு முணுமுணுப்பதுபோல அவளுக்கு மந்திரம் தானே வருகிறது. அவனுக்கோ அது விளங்கவில்லை. நிகண்டும் நன்னூலும் மனனம் பண்ணிய பண்டிதரும் தாலாட்டுப் பாடும் கிராமத்துப் பெண்ணும் ஒரு திண்ணையிலே அமர்ந்தால் எப்படியோ அப்படி. பின்னர் இருவரும் சேர்ந்து ஒரு ரோசாப்பூவின் மாயத்தோற்றத்தை உருவாக்குகிறார்கள். அவன் அளவும் அவள் ஓசையும் ஒன்றுகலக்கப் பூ விரிகிறது. இருவரும் வெட்கி விலகுகிறார்கள். தொடாமலே எழுதப்பட்ட காதற் காட்சி! தோளும் புயமும் பற்றி ஒரு சொல் இல்லாமலே அந்த நெருக்கத்தை வாசகன் உணர்கிறான். அதோடு, அக்னியெஷ்கா தன் உயிரைப் பொருட்படுத்தாது காட்டுக்குள் ஓடுவது காதலனுக்காக அன்று, தோழி காஷியாவுக்காக. காட்டின் பகைக்குப் பின்னால் மனிதர் இழைத்த பழைய துரோகமொன்று இருக்கிறது. அதை அறிந்தபின் அவள் செய்யவேண்டியிருப்பது நோயுற்ற மரங்களை ஒவ்வொன்றாகக் குணப்படுத்தும் மெதுவான வேலை. மந்திரவாதி அவளை ஓயாது திட்டுவதும், அந்தத் திட்டுக்கள் பின்னர் செல்லமாக மாறிவிடுவதும் மட்டுமே எனக்கு ஒவ்வாதவை.

நமது நாட்டவர் ஒருவருடைய நாவலைக் கடைசியாகக் குறிப்பிடுகிறேன். கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர ஆங்கிலத்தில் எழுதி 2023 இலே வெளிவந்த 'த செயின்ற் ஒவ் பிரைற் டோர்ஸ்' அவ்வாண்டுக்குரிய நெபியூலா விருதைப் பெற்றது. பிறந்தவுடனேயே தாயினால் நிழல் பறிக்கப்பட்ட ஒருவன், மகானாகப் போற்றப்படும் தன் தந்தையைக் கொல்வதற்கென்றே வளர்க்கப்படுகிறான். நகரத்துக்கு வந்தபின் அந்த விதியைக் கைவிட்டு, தன்னைப்போல் விதியிலிருந்து வழுவியவர்கள் கூடிப் பேசும் சிறு குழுவொன்றிலே சேர்கிறான். திறக்கமுடியாத கதவுகள், அடையாள அட்டைகள், முகாம்கள், கலவரங்கள், கோப்புக்களுக்குள்ளே மறையும் மனிதர்கள்: இவற்றை அந்நிய வாசகன் விசித்திரமென்று வியப்பான், நமக்கு அவற்றின் விலாசம் தெரியும். இதிலும் காதல் உண்டு. நாயகனின் காதலன் ஹெஜ்மென். சண்டையிட்டும் சமாதானமாகியும், சமையலறையிலே பேசியும் பேசாமலும் நடக்கின்ற சாதாரண உறவு. நாடு குலையும்போது அதுவும் குலைகிறது. நடை சில இடங்களிலே வேண்டுமென்றே சுற்றிவளைப்பது. மாணவர்கள் முதல் ஐம்பது பக்கங்களிலே சலிப்படையக்கூடும்.

பாடசாலை நூலகத்துக்கு இவற்றுள் எவற்றை வாங்கலாமென்று பொறுப்பாசிரியர்கள் கேட்டால், 'அப்றூட்டட்' நாவலையும் சந்திரசேகரவின் நாவலையும் உயர்தர வகுப்பினருக்காக வாங்கலாமென்பேன். யாரோஸ், மாஸ் ஆகியோரின் நூல்களிலே வளர்ந்தோருக்கு மட்டுமே உரிய காட்சிகள் பல உள்ளமையால், அவை பொது நூலகத்தின் ஆங்கிலப் பகுதியிலே இருக்கட்டும். எப்படியும் மாணவர் கைக்கு அவை வந்து சேரும். அப்போது கதாநாயகிக்கு எழுத்தறிவித்தவன் எழுதிக் கொடுத்த வசனங்களைப் பற்றி அவர்களிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு, ஆசிரியரும் அந்தப் புத்தகத்தை ஒருமுறை வாசித்திருக்க வேண்டும்.