முடி நீங்கிய பின்

அரச குலத்திற் பிறத்தல் பெரும் பாக்கியமென்றும், அரசிழத்தல் பெருந்துன்பமென்றும் உலகத்தார் கருதுவர். இவ்விரண்டும் ஒருங்கே எய்திய இராஜகுமாரி ஒருவர் நமது சென்னையிற் சில ஆண்டுகள் வாழ்ந்தனர் என்பதை நம் கலாசாலை அன்பர்களுட் பலர் அறியார். அவரே கிரேக்க தேசத்து ஐரீன்.

இவர்தம் தாயார் பிரடரிகா அரசியார், ஜெர்மனியின் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்முக்கு மகள் வழிப் பேர்த்தி. அச்சக்கரவர்த்தி 1918-ல் முடி துறந்தார். தாயாரின் தந்தை வழியினரோ 1866-லேயே ஹனோவர் இராச்சியத்தை இழந்தவர். ஐரீனும், பெற்றோர் யுத்தத்தால் நாடு நீங்கியிருந்த காலத்தில், 1942-ம் ஆண்டு மே மாதம் 11-ந் தேதி தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரிற் பிறந்தார். 1947-ல் தந்தையார் பால் அரசரானார். அவருக்குப்பின் 1964-ல் தமையனார் கான்ஸ்டன்டைன் பட்டமெய்தினார். 1967 டிசம்பரில், படைத் தலைவர்களின் ஆட்சியை அகற்ற முயன்று தோற்ற தமையனாருடன் குடும்பம் ரோமாபுரிக்குச் சென்றது. 1974-ல் வாக்களித்த கிரேக்கர்களில் நூற்றுக்கு 69 பேர் குடியரசையே விரும்பினர்.

அத்வைத வேதாந்தத்தில் ஈடுபாடு கொண்ட தாயார், சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி. எம். பி. மகாதேவனிடம் பாடங்கேட்டார். தாம்பரத்தில் இரயிலேறிச் சென்று நாம் மாலைக்குள் மீளும் சேப்பாக்கம், மகுடமிழந்தோர்க்கும் கல்விச்சாலையாயிற்று. மகளும் தாயாருடன் இந்நகரில் வாழ்ந்தார்.

நிற்க. இக்குடும்பத்தின் பொருட்டு நாம் கண்ணீர் வடிக்க வேண்டுமோ? வேண்டாமென்பதே நம் கருத்து. தம்மை ஆள்வார் யாரென முடிவுசெய்தல் கிரேக்க மக்களின் உரிமை. அன்றியும், 1981-ல் தாயார் மறைந்தபின் ஐரீனுக்கு ஸ்பெயின் அரசியாய் விளங்கிய தமக்கை ஸோபியாவின் மாளிகை புகலிடமாயிற்று. பறம்பு வீழ்ந்தபின் பாரி மகளிரை மணக்க அஞ்சிய வேந்தரை நாம் அறிவோம். 1983-க்குப் பின் இராமேசுவரக் கரையில் மூட்டையுடன் இறங்கிய இலங்கைத் தமிழ் மகளிர்க்கு மாளிகை இல்லை, முகாமே இருந்தது. நம் இரக்கம் முதற்கண் சேரவேண்டிய இடம் அதுவன்றோ?

ஆயினும், பிறப்பினால் ஒருவரைப் புகழ்தல் தவறாயின் இகழ்தலும் தவறே. ஐரீன் பியானோ வாத்தியத்திற் பயிற்சி மிக்கவர். 1986-ல் மாட்ரிட் நகரில் உலக இசைவு என்னும் பொருள்படும் பெயரால் தரும ஸ்தாபனம் ஒன்றைத் தொடங்கினார். பால் மிகுந்து விலை வீழ்ந்தமையால் ஐரோப்பாவிற் கொலைக்கு விதிக்கப்பட்ட பசுக்களை இந்தியாவுக்கு அனுப்ப முன்னின்றதும் இவரே. முடி கொடாத மதிப்பை இச்செயல் கொடுத்தது.

நம் கலாசாலையில், குடும்பத்திலேயே முதன்முதற் கல்லூரி வாயில் மிதித்தவரும், பாட்டனார் காலந்தொட்டுப் பட்டம் பெற்றவரும் ஒரே பலகையில் அமர்கின்றனர். முன்னவர் தம் ஊரையும் பெயரையும் சொல்ல நாணுதல் வேண்டா. பின்னவர் அவற்றைக் கூறிச் செருக்குதலும் வேண்டா. அரச குடிகளே மூன்று தலைமுறைகளில் ஆட்சி இழந்தன. நமக்கு வாய்த்த குலப்பெருமை எத்தனை நாள் நிற்கும்? பிறர்க்குச் செய்த உதவியே நிற்கும்.