கிலுகிலுப்பை

இசை செல்வர்க்கே உரியது என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியுள்ளது. வீணை வாங்கவும் மத்தளம் வாங்கவும் பொருள் இல்லாதவர், இசைப் பயிற்சியையே கைவிடுகின்றனர். இது பிழையான எண்ணமாகும். இசைக்குப் பண்ணும் தாளமும் இரு கண்கள். அவற்றுள் தாளத்தைப் பயில வீட்டுப் பொருள்களே போதும்.

காரைக்கால் மண் இசைக்குப் புதியதன்று. அங்குத் தோன்றிய காரைக்கால் அம்மையார், தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஏழு இசைகளின் பெயர்களையும் பல கருவிகளின் பெயர்களையும் அடுக்கிக் கூறியுள்ளார். அம்மாவட்டத்துத் திருமலைராயன்பட்டினத்தை அடுத்த மீனவர் ஊர் பட்டினச்சேரி. மாசிமகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராசப் பெருமாள் அவ்வூர்க் கடற்கரைக்கு எழுந்தருளுவார். மீனவர் அவரைத் தம் மாப்பிள்ளையாகவே கொண்டு வரவேற்பர். மேளம் முழங்கும் விழா நாள் ஆண்டிற்கு ஒன்றே. எஞ்சிய நாட்களிலும் சிறுவர் தாளம் பயிலலாம். கடற்கரை ஊரில் கொட்டாங்கச்சிக்கும் கிளிஞ்சலுக்கும் மணலுக்கும் பஞ்சமில்லை. அவை கிலுகிலுப்பை செய்வதற்கு உரியவை.

கிலுகிலுப்பை பழமையானது. சற்றேறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்பே, சிந்துவெளி மக்கள் சுட்ட களிமண் உருண்டைக்குள் சிறு மண்மணிகளை இட்டு ஒலிக்கச் செய்தனர். தமிழர் பனையோலையால் முடைந்து உள்ளே சிறு கற்களை இட்டனர். முற்றி உலர்ந்த காய் அசையும்போது உள்ளிருக்கும் விதைகள் ஒலிப்பதால், ஒரு செடியே கிலுகிலுப்பை எனப் பெயர் பெற்றது. தென் அமெரிக்க மக்கள் உலர்ந்த சுரைக்குடுக்கையில் விதைகளை இட்டு ஆடலுக்குத் துணையாக்கினர்.

இதனைச் செய்வோர் கைத்தொழிலோடு அறிவியலும் கற்பர். மூடியுள்ள தகர டப்பாவில் புளியங்கொட்டைகளை இட்டுக் குலுக்கினால், அவை சுவரில் மோதிச் சுவரை அதிரச் செய்கின்றன, அவ்வதிர்வே ஒலியாகிறது. மணல் இட்டால் மெல்லிய இரைச்சல் எழும். கிளிஞ்சல் இட்டால் ஓசை உரத்து எழும். தகரம் கணீரென ஒலிக்கும். இரு கொட்டாங்கச்சிகளைப் பொருத்தி ஒட்டியது அடங்கி ஒலிக்கும். டப்பாவை நிரப்பிவிட்டாலோ ஒலி எழுவதில்லை. விதைகள் ஓடியாட உள்ளே வெற்றிடம் வேண்டும். சிறு குழந்தைகள் விதைகளை விழுங்கிவிடாதபடி வாயை இறுக மூடுதல் இன்றியமையாதது. குன்றிமணி நஞ்சுடையது, அதனை விலக்குதல் வேண்டும்.

"இது வெறும் ஓசை, இசையாகுமோ?" எனச் சிலர் வினவுவர். பண் இசைக்க இக்கருவி உதவாது என்பது உண்மையே. ஆயினும் மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என எண்ணிக்கை பிறழாமல் குலுக்குபவன் திசிரம் முதல் சங்கீரணம் வரையுள்ள ஐந்து நடைகளையும் பழகுகின்றான். பத்துப் பேர் சேர்ந்து குலுக்கும்போது, ஒருவன் முந்தினாலும் பிந்தினாலும் தாளம் கெடும். ஆதலின் ஒவ்வொருவனும் பிறர் ஒலிக்குச் செவிகொடுக்கப் பழகுகின்றான். செருமானிய இசைவாணர் கார்ல் ஓர்ப், எளிய தட்டுக்கருவிகளைக் கொண்டே சிறுவர்க்கு இசை கற்பிக்கும் முறையை வகுத்தார். கருநாடக இசையரங்கில் இடம்பெறும் கடமும் மட்பாண்டத்தின் இனமே. எளிமை இழிவாகாது.

எனவே, பொருளில்லை என்று இசையைத் துறத்தல் வேண்டா. பள்ளிகளும் விலையுயர்ந்த கருவிகள் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. மாணவர் தம் கையாலேயே கருவி செய்து தாளம் பயில்வாராக. வீணையும் மத்தளமும் கைக்கு எட்டும் நாளில், அவர்தம் செவி அவற்றிற்கு ஆயத்தமாக இருக்கும்.